பாலும் சோறும் பருப்புத் தண்ணீரும்

பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும் கையில் பிடித்துக்கொண்டும் வந்திருக்கும் தாய்மார்களே, வழக்கம்போலப் பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட அப்பாக்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, ஆசிரியர்களே, இன்று நான் கொஞ்சம் வம்புக்கு இழுக்கப்போகும் பாட்டிமார்களே!

'சைவம் சாப்பிடும் குழந்தைகளும் இரும்புச்சத்தும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை மருத்துவராக இருக்கும் எனக்கு இது தலைப்பு அல்ல, தினசரி வழக்கு. இந்த வழக்கில் இரண்டு கட்சிகள் உண்டு. "கறி மீன் கண்ணில் காட்டாமல் வளர்த்தால் பிள்ளைக்கு ரத்தம் எங்கிருந்து ஊறும்?" என்பது ஒரு கட்சி. "நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம், எங்கள் வீட்டில் யாருக்கு என்ன குறை வந்துவிட்டது?" என்பது மறு கட்சி. சில வீடுகளில் இரண்டு கட்சியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். மாமியார் ஒரு நாற்காலியில், மருமகள் ஒரு நாற்காலியில், இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அந்தக் குழந்தை, வெளுத்த உதட்டோடு, என் மேசையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்.

இரண்டு கட்சியுமே தோற்கிற வழக்கு இது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 50.7. குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்தியா முழுவதற்கும் 67.1 சதவீதம். சரி, தமிழ்நாட்டில் சைவர்கள் எத்தனை பேர்? 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நூற்றுக்கு மூன்று பேர்கூடச் சைவமில்லாத ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு மேல் சோகை என்றால், கறி தின்னாததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்த ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை வைத்து அளந்தது, அது சரியாக இருக்குமா என்று. நியாயமான கேள்வி. 2016-18இல் நாடு முழுவதும் நடந்த இன்னொரு ஊட்டச்சத்து ஆய்வு, ரத்தக்குழாயிலிருந்தே ரத்தம் எடுத்து அளந்தது. அதில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சோகை 41 சதவீதம், இரும்புக் குறைபாடு 32 சதவீதம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தையின் உடம்பில் இரும்பு போதவில்லை.

மறு பக்கம் ஒரு கணக்கு. கனடாவின் டொரண்டோ நகரத்தில் ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள 8,907 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 248 பேர் சைவம். இரும்புச் சேமிப்பில் சைவக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு மட்டும் சைவக் குழந்தைகளிடம் கூடுதலாக இருந்தது. உடனே சைவக் கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். வட அமெரிக்காவில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற தானியக் கஞ்சி மாவில் இரும்பு சேர்த்தே விற்கிறார்கள். நம் வீட்டு அரிசிக் கஞ்சி அந்தக் கஞ்சி அல்ல.

அப்படியானால் சைவமா அசைவமா என்ற கேள்வியே தவறு. நம் ஊரில் அசைவ வீடு என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கறி. அதிலும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு என்ன போகிறது? "மெல்லத் தெரியாது, காரம்" என்று சொல்லி, குழம்பைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். ஆட்டுக்கறியின் இரும்பு அப்பாவுக்கு, குழம்பின் வாசனை பிள்ளைக்கு. ஆக, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை நம் நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர், வீட்டில் என்ன சமைத்தாலும், நடைமுறையில் சைவம்தான். அதனால் இன்று நான் பேசுவது சைவ வீட்டுக்கு மட்டும் என்று நினைத்து யாரும் எழுந்து போக வேண்டாம்.

குழந்தை பிறக்கும்போது வெறுங்கையோடு வருவதில்லை. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 75 மில்லிகிராம் இரும்பை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வருகிறது. அதில் பெரும் பகுதி கடைசி மூன்று மாதத்தில் வந்து சேர்வது. அதனால்தான் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஆரம்பத்திலேயே தட்டுப்பாடு. பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக இடுக்கிப் போட்டு அறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் பிள்ளைக்குள் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. பிரசவத்துக்குக் காத்திருக்கிற தாய்மார்கள் இங்கே இருந்தால், மருத்துவரிடம் இதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேமிப்பு, வீட்டுக் குதிரில் கொட்டி வைத்த நெல் மாதிரி. நான்கைந்து மாதம், ஆறு மாதம் வரை அதிலிருந்து அள்ளிச் செலவழிக்கலாம். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, ஆனால் இருப்பது நன்றாக உடம்பில் சேரும். அதனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ஆறு மாதத்துக்குப் பிறகு? குதிர் காலியாகிவிட்டது. பிள்ளை வளர்வதோ வேக வேகமாக. வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குதிர் காலியான அன்றே அடுப்பு அணைவதில்லை. முதலில் சேமிப்பு தீரும். அதை ஃபெரிட்டின் என்ற பரிசோதனை காட்டும். அதற்குப் பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். "ஹீமோகுளோபின் பதினொன்று இருக்கிறதே டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்லும்போதே சேமிப்பு துடைத்துக் கிடக்கலாம். அதேபோல காய்ச்சல், சளியோடு இருக்கும்போது ஃபெரிட்டின் பார்த்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும்.

பரிசோதனைக்கு முன்பே பிள்ளை நமக்குச் சொல்லிவிடும். எப்படிச் சொல்லும்? மண்ணைத் தின்னும். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டும். பள்ளிப் பிள்ளையானால் பல்பம் தின்னும், பச்சரிசியை அள்ளி வாயில் போடும். "கையில் ரெண்டு போட்டேன், அப்பவும் விடலை டாக்டர்" என்று அம்மா சொல்வார். அடித்தால் நிற்குமா அது? இரும்பு மருந்து கொடுத்தால் பல பிள்ளைகளிடம் அந்த ஆசையே போய்விடும். அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்துப் போகிற குழந்தைகளிலும் பலருக்கு இரும்பு குறைவாக இருக்கும். சாப்பாட்டில் நாட்டமின்மை, எதற்கெடுத்தாலும் சிணுங்கல், அடிக்கடி காய்ச்சல். இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர் "பிடிவாதம்".

இது ரத்தத்தோடு நிற்கிற சங்கதியா? இல்லை. மூளைக்கும் இரும்பு வேண்டும். அமெரிக்க மருத்துவர் பெட்சி லோசாஃப், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் இரும்புக் குறைபாட்டோடு இருந்த கைக்குழந்தைகளைப் பத்தொன்பது வயதாகும்வரை பின்தொடர்ந்தார். மருந்து கொடுத்துச் சோகை சரியான பிறகும், நாள்பட்ட குறைபாட்டோடு இருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி வயதோடு விரிந்துகொண்டே போனது. முதல் இரண்டு ஆண்டுகளைத் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கடினம் என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

இப்போது தட்டுக்கு வருவோம். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறது? நான் கேட்டால் எல்லா அம்மாக்களும் சொல்லும் பட்டியல் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு பிஸ்கட் தோய்த்து. ஒன்பது மணிக்கு ஒரு இட்லி, சர்க்கரை தொட்டு. பதினோரு மணிக்குப் பால். மதியம் நெய் விட்டுப் பருப்பு சாதம் நாலு வாய், ரசம் சாதம் நாலு வாய், தயிர் சாதம் நாலு வாய். நாலு மணிக்குப் பால். ராத்திரி மறுபடி இட்லி அல்லது பால் சாதம். படுக்கப்போகும் முன் ஒரு புட்டி பால். நடுராத்திரி அழுதால் இன்னொரு புட்டி.

கூட்டிப் பார்ப்போமா? நாள் முழுக்க 60 கிராம் அரிசி போனதாக வைத்துக்கொள்வோம். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு முக்கால் மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆக 0.4. துவரம்பருப்பு 15 கிராம், அதில் 0.6. இட்லியில் உளுந்து 10 கிராம், அதில் அரை மில்லிகிராம். பாலில்? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பிஸ்கட், நெய், சர்க்கரை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மில்லிகிராமைத் தொட்டால் அதிகம். அந்தப் பிள்ளைக்குத் தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம். எட்டு எங்கே, இரண்டு எங்கே! வயிறு நிறைந்திருக்கிறது, பிள்ளை கொழுகொழுவென்றுகூட இருக்கிறது. இரும்பு மட்டும் இல்லை.

இதில் பருப்பு சாதம் என்று சொன்னேனே, பல வீடுகளில் அது பருப்புகூட இல்லை. பருப்புத் தண்ணீர். வேகவைத்த பருப்பின் மேலாகத் தெளிந்து நிற்கும் நீரை எடுத்துச் சோற்றில் விட்டுப் பிசைவார்கள். "கெட்டியா குடுத்தா செரிக்காது டாக்டர்." சத்தெல்லாம் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் இருப்பது சாம்பாருக்குப் போகிறது, மேலே இருப்பது பிள்ளைக்குப் போகிறது. பாட்டிமார்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதைத் தலைகீழாக்குங்கள். கெட்டிப் பருப்பு பிள்ளைக்கு, தண்ணீர் பெரியவர்களுக்கு. ஏழாவது மாதக் குழந்தைக்கு நன்றாகக் குழைந்த பருப்பு செரிக்கும்.

அடுத்தது பால். பாலைப் பற்றி நம் ஊரில் குறை சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டும். மாட்டுப்பாலில் இரும்பு இல்லை என்பது ஒரு பாதி. அதில் இருக்கும் கால்சியமும் பால் புரதமும், வேறு உணவிலிருந்து வருகிற இரும்பையும் குடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலை முக்கிய உணவாகக் கொடுத்தால், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தமும் கசியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு லிட்டர் பால் குடித்த வயிற்றில் சாப்பாட்டுக்கு இடம் ஏது? "எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறான், பாலாவது குடிக்கட்டும்னு குடுக்கிறேன்" என்கிறார் அம்மா. பால் குடிப்பதால்தானம்மா அவன் சாப்பிடவில்லை! ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி. அதுவும் சாப்பாட்டோடு அல்ல, தனியாக. ராத்திரிப் புட்டியை அறவே நிறுத்துங்கள்.

அந்தப் பாலில் பேரீச்சம்பழ சிரப்பைக் கலந்து கொடுக்கிற வழக்கம் வேறு வந்திருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் அதில் இரும்பு கொட்டிக் கிடப்பதாக ஒரு நம்பிக்கை. இருக்கிற கொஞ்சத்தையும் பாலில் ஊற்றினால் என்ன மிஞ்சும்? இனிப்பு மிஞ்சும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. நல்ல உணவு, சாப்பிடுங்கள், ஆனால் இரும்புக்காக மாதுளைக்குச் செலவழிக்கிற காசில் இரண்டு வாரத்துக்குக் கொண்டைக்கடலை வாங்கலாம்.

முருங்கைக்கீரை? அது உண்மையிலேயே நல்லது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. அதை வளர்த்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அவர் காலத்து உணவு அட்டவணையில் அவலுக்கு 100 கிராமில் 20 மில்லிகிராம் இரும்பு என்று இருந்தது. அதே நிறுவனம் 2017இல் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையில் அது ஐந்துக்கும் கீழே. முருங்கைக்கீரைக்கு இப்போது நாலரை, முளைக்கீரை இனத்துக்கும் அதே அளவு. வாட்ஸ்அப்பில் வருகிற பிரமாண்டமான எண்களை நம்பி, வாரம் ஒரு நாள் ஒரு கரண்டி கீரை கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

சரி, எட்டு மில்லிகிராமுக்குச் சைவத் தட்டில் வழி இருக்கிறதா? இருக்கிறது. காலையில் முளைகட்டிய கேழ்வரகு 30 கிராமில் கூழோ களியோ, அதில் 1.4. மதியம் கெட்டிப் பருப்பு 30 கிராம், 1.2. கீரை மசியல் 30 கிராம், 1.4. சாயங்காலம் கொண்டைக்கடலை 25 கிராம், நன்றாக வேகவைத்து மசித்து, 1.7. முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். ராத்திரி தோசையில் 15 கிராம் உளுந்து, 0.7. தொட்டுக்கொள்ள எள்ளுப் பொடி ஒரு தேக்கரண்டி, 0.7. சோற்றில் வருகிற 0.4. மொத்தம் ஏழரை, எட்டுக்குப் பக்கம். பிள்ளை ஒரு நாள் கீரையைத் துப்பும், மறுநாள் கடலையைத் துப்பும், அது வேறு விஷயம். வழி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஆனால் தட்டில் ஏழரை விழுந்தால் ரத்தத்தில் ஏழரை ஏறுமா? அங்கேதான் சைவத்தின் சிக்கல். இறைச்சியில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற மூலக்கூறோடு சேர்ந்து வருவது. அது எதையும் லட்சியம் செய்யாமல் குடலுக்குள் போய்விடும். நூற்றில் பதினைந்து முதல் முப்பத்தைந்து பங்கு சேரும். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பு அப்படியல்ல. அதே இலையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டு பங்கும் சேரும், இருபது பங்கும் சேரும். தானியத்தின் தவிட்டில் இருக்கும் ஃபைட்டேட் அதைக் கட்டிப்போடும். டீயிலும் காபியிலும் இருக்கும் டானின் போன்றவை கட்டிப்போடும். வைட்டமின் சி அவிழ்த்துவிடும்.

அவிழ்த்துவிடும் என்று சும்மா சொல்லவில்லை. 1985இல் பரோடா பல்கலைக்கழகத்தில் சுபத்ரா சேஷாத்ரி குழுவினர் சோகையோடிருந்த பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை செய்தார்கள். இரும்பு மருந்து கொடுக்கவில்லை. சாப்பாட்டை மாற்றவில்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டோடும் 100 மில்லிகிராம் வைட்டமின் சி மட்டும் கொடுத்தார்கள். அறுபது நாளில் ஹீமோகுளோபின் ஏறியது! அந்தச் சாப்பாட்டில் இரும்பு ஏற்கெனவே இருந்தது, உள்ளே போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. 2013இல் ஹைதராபாத்தில் வளரிளம் பிள்ளைகளின் அரிசிச் சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யாப்பழத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பு சேர்வது ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கொய்யா! பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கிறார்களே, அதே கொய்யா. ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு.

எலுமிச்சைச் சாதம் கிளறும்போது உங்கள் அம்மா என்ன சொல்வார்? "அடுப்பை விட்டு இறக்கிட்டுப் பிழி, இல்லாட்டி கசக்கும்." கசப்புக்காகச் சொன்னாலும் வைட்டமின் சியும் அதில் தப்பித்தது. சூட்டில் அது அழிந்துவிடும். பருப்பு சாதத்திலும் கீரையிலும் இறக்கிய பிறகு நாலு சொட்டு பிழிந்து பாருங்கள். மெரினாவில் பட்டாணிச் சுண்டல் விற்கிற தம்பி, தேங்காயோடு பச்சை மாங்காயையும் நறுக்கிப் போடுகிறானே, ஊட்டச்சத்துப் படிப்பு படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தாலும் அதைவிட நல்ல சேர்க்கை அமையாது. இட்லி, தோசை மாவு புளிக்கும்போதும், கம்பங்கூழ் புளிக்கும்போதும், பயறு முளைவிடும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. புளிக்கவைத்த கூழைக் கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்கிவிட்டு, டப்பாவில் அடைத்த மாவைப் பாலில் கரைத்துக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரும்புச் சட்டியையும் பரணில் ஏற்றிவிட்டோம். எத்தியோப்பியாவில் இரும்புச் சட்டியில் சமைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கு, அலுமினியச் சட்டியில் சாப்பிட்ட குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடியது என்று 1999இல் ஒரு ஆய்வு வந்தது. புளி விட்டுக் கொதிக்கிற நம் குழம்புக்கு இரும்பு இன்னும் நன்றாக இறங்கும். குழம்பு கொஞ்சம் கறுக்கும், கறுக்கட்டும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடல் கடந்து போன நம்மவர் சமையலிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் பகுதியில், கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களின் வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் தினமும் தவறாமல் பயன்படுத்துவது எது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். மசாலாப் பொடி! அதில் எளிதில் சேரக்கூடிய ஓர் இரும்பு உப்பைக் கலந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1989இல் முடிவு வெளிவந்தது. பெண்களின் இரும்பு நிலை தெளிவாகவே முன்னேறியது. யாரும் சாப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை.

காபிக்கு வராமல் இந்தப் பேச்சு முடியாது. 1983இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தால் இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தால் 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காபி குடித்தால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால்? சாப்பாட்டோடு குடித்த மாதிரியே பாதிப்பு! "பிள்ளைகள் எங்கே டாக்டர் காபி குடிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். காலையில் தோட்ட வேலைக்குப் போகிற அம்மா, டீயில் ஒரு பன்னைத் தோய்த்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பள்ளிப் பிள்ளைக்கு இரும்பு மாத்திரையையே டீயோடு விழுங்கக் கொடுப்பதும் உண்டு.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். முட்டையில் நல்ல புரதம் இருக்கிறது, வைட்டமின் பி12 இருக்கிறது. இரும்பு இருந்தாலும், மஞ்சள் கருவில் இருக்கும் ஒரு புரதம் அதைச் சேரவிடுவதில்லை. ஆகவே இரும்புக்காக முட்டை என்று சொல்ல மாட்டேன். வாழைப்பழத்தில் அந்தப் புரதமும் இல்லை, பி12உம் இல்லை. முட்டைக்குப் பதிலாக ஒரு கைப்பிடி சுண்டலும் நெல்லிக்காயும் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

இவ்வளவும் வராமல் தடுக்க. வந்துவிட்டால்? சாப்பாடு போதாது. இதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் சுருங்கும், "கீரையிலேயே சரி பண்ணிடலாமே" என்பார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்ட பிள்ளைக்குக் கீரை கொடுத்துக் காத்திருப்பது வீண். மருந்துதான் வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும், குதிர் நிரம்ப வேண்டாமா? மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை பட்டால் தேய்த்தால் போகும். பாலில் கலக்காதீர்கள். புட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறு இருக்கிறதா, பி12 குறைவா, வயிற்றில் பூச்சியா என்று பார்க்க வேண்டும். பால், தயிர்கூட இல்லாத முழுத் தாவர உணவில் வளர்க்கிறவர்கள் பி12ஐத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

தடுப்பதற்கான மருந்தை அரசாங்கமே கொடுக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி சிரப், அதில் 20 மில்லிகிராம் இரும்பு. ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, பத்து வயதுக்கு மேல் நீல மாத்திரை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை. அங்கன்வாடியில் கொடுத்த சிரப் புட்டி எத்தனை வீட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் நிற்கிறது? நான் கேட்டால் அம்மாக்கள் சிரிக்கிறார்கள்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஆண் பிள்ளைக்கு நாளைக்கு 16 மில்லிகிராம் இரும்பு போதும் என்றால், பெண் பிள்ளைக்கு 28 வேண்டும். அந்த வயதில்தான் அவள் குண்டாகிவிடுவேன் என்று சாப்பாட்டைக் குறைப்பாள், காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுவாள், வெறும் வயிற்றில் நீல மாத்திரையைப் போட்டுக் குமட்டுகிறது என்று அடுத்த வாரம் ஜன்னல் வழியே வீசுவாள். ஆசிரியர்களே, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, உங்கள் கண்ணெதிரே விழுங்கச் சொல்லுங்கள். தாய்மார்களே, அவளுக்கு ரத்தம் பரிசோதிக்க அழைத்துப் போகிற அன்று உங்கள் கையையும் நீட்டுங்கள். முதலில் சொன்ன அதே குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. அடுத்த பிள்ளையின் குதிர் நிரம்ப வேண்டியது உங்களிடமிருந்துதான்.

கேள்விகள் இருந்தால் எழுந்து கேளுங்கள். பாட்டிமார்களுக்கு முதல் வாய்ப்பு.